பேய்ப்படம் பார்த்துவிட்டு ஏன் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறோம்?

பாலாற்று மணல் (சத்துவாச்சாரி)

நேற்று இரவுக் காட்சிக்கு ஐந்து பேர் போயிருந்தோம். படத்தின் பெயர் வேண்டாம், யார் வயிற்றிலும் அடிக்க விருப்பமில்லை. டிரெய்லரைப் பார்த்தே சித்தி மகள் வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். இடைவேளைக்கு முன் முதல் கொட்டாவி விட்டது அவள்தான்.

பின் வரிசையில் ஒரு பையன் இருந்தான். கதாநாயகி கண்ணாடி முன்னால் போய் நின்றதும் "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்தான். மூன்று சொன்னதும் பேய் வந்தது! தியேட்டரே கைதட்டிச் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பேய் என்ன செய்தாலும் யாரும் மதிக்கவில்லை.

சிரித்துவிட்டு வந்தாலும் மனசு ஆறவில்லை. பயப்படத்தானே காசு கொடுத்துப் போனோம்? உங்களை நிஜமாகப் பயமுறுத்தியது எது, எந்த இடத்தில் படம் கைவிட்டது, இரண்டையும் சொல்லுங்கள். "நான் எதற்கும் பயப்பட மாட்டேன்" கோஷ்டி தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

---

ஒலிக்கலவை (குடியாத்தம்)

அந்தப் பையனைக் கும்பிட வேண்டும். எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள்.

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன், நடுவே குறும்பட ஆசையும் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு குலுங்குவது அனிச்சைச் செயல், கைக்குழந்தைக்கும் உண்டு. அதை வரவழைக்கத் திறமை எதுவும் வேண்டாம், தட்டைக் கீழே போட்டால் போதும். ஆனால் ஒரே மாதிரி நாலு தடவை செய்தால் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு பார்ப்பவன் பேயை விட்டுவிட்டு இயக்குநரை வேடிக்கை பார்க்கத் தொடங்குவான், உங்கள் பின்வரிசைப் பையனைப் போல.

சொந்தக் கதை ஒன்று. ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஓட்டு வீட்டில் பதினெட்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். இரவில் எடுக்க விளக்கு வாடகைக்குக் காசில்லை. பகலில் எடுத்து, நிறத்தைக் குறைத்து இரவாக்கினோம். மொட்டை மாடியில் வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, எல்லாம் சரி. நண்பர்கள் நாற்பது பேரைக் கூட்டிப் போட்டுக் காட்டினால், பேய் வந்ததும் ஒரே சிரிப்பு. மே மாத வெயிலில் தளம் கொதித்ததால் நடித்த பெண் செருப்பைக் கழற்றவில்லை. சேலைக்கு அடியில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆனால் முடிந்ததும் ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தூளியை யாருப்பா ஆட்டினது?" எந்தத் தூளி என்று எங்களுக்கே புரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தோம். கதாநாயகன் சோறு தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் உத்தரத்தில், அந்த வீட்டுக்காரர்கள் அவிழ்க்காமல் விட்ட காலித் தூளி லேசாக ஆடுகிறது. காற்றுதான். நாங்கள் வைத்தது இல்லை, இசையும் கிடையாது. அந்த அறையில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. பதினெட்டு நிமிடத்தில் உருப்படியான மூன்று விநாடி அதுதான், அதுவும் நாங்கள் எடுத்ததல்ல.

---

காட்பாடி பிளாட்பாரம்

அண்ணா, தூளி மேட்டரைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஊஞ்சலைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

என் குறை வேறு. முதல் பாதி நன்றாகத்தான் போகும். இரண்டாம் பாதியில் ஃபிளாஷ்பேக் ஒன்று ஆரம்பிக்கும் பாருங்கள், அங்கே முடிந்தது கதை. நிலத்தை ஏமாற்றினார்கள், கொன்றார்கள், புதைத்தார்கள் என்று இருபது நிமிடம். அதுவரை பேயாக இருந்தது அதற்குப் பிறகு மனுதாரர் ஆகிவிடுகிறது. நமக்குப் பயம் போய்ப் பரிதாபம் வந்துவிடும், பரிதாபப்பட்ட பேய்க்கு எப்படிப் பயப்படுவது? கடைசியில் அது பஞ்சாயத்து வைத்து நியாயம் கேட்டுவிட்டு மேலே போகும்.

இன்னொன்று, முகத்தைக் கம்ப்யூட்டரில் செய்து முழுசாகக் காட்டிவிடுவது. பார்த்ததும் "அட, இவ்வளவுதானா" என்று ஆகிவிடுகிறது.

---

ஒலிக்கலவை

முழுசாகக் காட்டுவது பற்றி: 1975இல் வந்த சுறாப் படம் 'ஜாஸ்' தெரியும்தானே. செய்து வைத்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே நிறையக் காட்சிகளை ஓட்டினார்கள். தண்ணீருக்கு மேல் இழுபடும் மஞ்சள் பீப்பாய், இரண்டே சுரத்தில் ஒரு இசை, அவ்வளவுதான். சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் படம் இவ்வளவு பயமுறுத்தியிருக்காது என்பது என் கட்சி. நம் ஆட்களுக்கு கிராஃபிக்ஸ் சுலபமாகக் கிடைத்ததுதான் வினை.

---

இரண்டாம் ஆட்டம் (பள்ளிகொண்டா பக்கம்)

தம்பிகளுக்கு வணக்கம். எண்பதுகளில் டெண்ட் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். இங்கே எழுதுவது பேரன் உதவியால், பிழை இருந்தால் அவனைத் திட்டவும்.

எங்களிடம் ஒரே புரொஜக்டர். கார்பன் குச்சி எரிய வேண்டும், அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கவனம் தப்பினால் திரை மங்கிவிடும். ரீல் தீர்ந்தால் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இப்போதைய கணக்கில் பயம் நிற்கவே கூடாத இடம் அது. முறுக்குக்காரன் நடுவில் புகுந்து வியாபாரம் பார்ப்பான். இருந்தும் பயந்தார்கள்.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கொட்டகைக்குப் பக்கச் சுவர் பாதிதான். வெளியே நாய் ஊளையிட்டால் படத்தில் ஊளையிட்டதா, புளியந்தோப்பில் ஊளையிட்டதா என்று தெரியாது. நெஞ்சம் மறப்பதில்லை பழைய பிரிண்ட் ஒன்று வந்தது. 1963இல் ஸ்ரீதர் எடுத்தது. பேய் கிடையாது, மறுபிறவிக் கதை. கிழ ஜமீன்தாராக நம்பியார் வருவார். அந்தப் படத்துக்கு இரண்டாம் ஆட்டம் முடிந்தபோது மணி ஒன்றரை. ஊருக்குள் போக வழி சுடுகாட்டு ஓரம்தான். ஐம்பது அறுபது பேர் ஒன்றாக, பேசிக்கொண்டே நடப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு பேர் பிரிந்து போவார்கள். கடைசி ஆளாகப் போகிறவன் வீடு ஊர்க் கோடியில். மறுநாள் அவன் முதல் ஆட்டத்துக்குத்தான் வருவான்.

படம் கொட்டகையில் முடியும், ஆனால் அந்த ஆளுக்கு அங்கேதான் ஆரம்பம். இப்போது படம் முடிந்தால் லிஃப்டில் இறங்கி, வெளிச்சத்தில் வண்டி எடுத்து, வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். பாவம், பேய் என்ன செய்யும்?

---

நைட் டூட்டி

ஐயா, அருமை.

நான் இரவுப் பணி செவிலி. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், வேலூரில் மருத்துவமனைக்குப் பஞ்சமா.

சினிமாக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். இரவு மூன்று மணிக்கு வராந்தா காலியாக இருக்காது. டியூப்லைட் விட்டு விட்டு எரியாது. எரிந்தால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம், இல்லாவிட்டால் காலையில் திட்டு விழும். பாய் விரித்துப் படுத்திருக்கும், நோயாளிகளோடு வந்த அட்டெண்டர்களை மிதிக்காமல் நடப்பதே பெரிய வித்தை. வங்காளி, அஸ்ஸாமி, தெலுங்கு என்று ஏழெட்டு மொழியில் குறட்டை கேட்கும். அங்கே எந்தப் பேய்க்கும் நிற்க இடமில்லை.

ஆனால் ஒரு ராத்திரி. வயதானவர், கடும் காய்ச்சல், இரவானால் பிதற்றுவார். முதியவர்களுக்கு நோய்வாய்ப்பட்டிருக்கும்போது வரும் மனக்குழப்பம்தான், நாங்கள் தினமும் பார்ப்பது. ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலே பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "பின்னாடி நிக்கிற அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடும்மா, ரொம்ப நேரமா நிக்குது."

காரணம் எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

காரணம் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று ஃபிளாஷ்பேக்காரர்களும் நினைக்கிறார்கள், காட்பாடித் தம்பியும் நினைக்கிறார். போகாது. அமுக்குவான் பேய் வந்தவர்களைக் கேளுங்கள். தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தில் கைகால் தசைகள் செயலற்று இருக்கும். மனசு விழித்து உடம்பு விழிக்காவிட்டால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். இவ்வளவும் தெரிந்தவளுக்கு அது வந்தபோது கந்த சஷ்டிக் கவசம்தான் நினைவுக்கு வந்தது.

---

ஆம்பூர் தம்

எல்லாரும் சேர்ந்து சிரிப்புப் பேய்ப்படங்களைக் கழுவி ஊற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை. எங்கள் அம்மா தியேட்டருக்கு வருவதே அந்தப் படங்களுக்குத்தான். பிள்ளைகள் மடியில் முகத்தைப் புதைப்பதும், அடுத்த நிமிடம் சிரிப்பதும், அதுவும் ஒரு சுகம். அது பயப் படமே இல்லை, ராட்டினம். ராட்டினத்தில் ஏறி "இது விமானம் மாதிரி இல்லையே" என்று குறை சொல்லலாமா?

அந்த அலை சும்மா வரவில்லை. 2011இல் காஞ்சனா ஓடிய ஓட்டம் ஒரு பக்கம். அதே வருடம் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்பு மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்று விதி வந்தது. உண்மையிலேயே நடுங்க வைக்கிற படத்துக்கு யு எங்கே கிடைக்கும்? தயாரிப்பாளர் கணக்குப் போட்டார், பேய்க்குப் பக்கத்தில் காமெடியனை நிறுத்தினார். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து அந்த விலக்கு போனாலும் பழக்கம் போகவில்லை.

அப்புறம், இந்த இழையில் யாரும் பிரியாணி பற்றிக் கேட்க வேண்டாம், பெயர் அப்படி வைத்ததே தப்பாகிவிட்டது.

---

காட்பாடி பிளாட்பாரம்

வரிக் கணக்கு எனக்குப் புதுசு. ஆனால் ஒரே தட்டில் இரண்டையும் வைத்தால் இரண்டும் கெடுகிறதே என்பதுதான் வருத்தம். வடிவேலு மாதிரி ஒருவர் உண்மையாகவே பயந்து நடுங்கினால் நமக்குச் சிரிப்பும் வரும், பேய்க்கு மரியாதையும் இருக்கும். பேயையே கலாய்த்தால் என்ன மிஞ்சும்?

செவிலியர் அக்காவுக்கு: நாற்காலி போட்டீர்கள் பாருங்கள், அங்கே எனக்கு நிஜமாகவே முதுகு சில்லிட்டது. என் கட்சியை அரை மனதாக வாபஸ் வாங்குகிறேன்.

---

கலவைக்காரன்

அரை மனது போதாது தம்பி, முழுசாக வாங்க வேண்டும். "பேய் பஞ்சாயத்து வைத்து நியாயம் கேட்கிறது" என்று கிண்டல் செய்தீர்கள். தமிழில் உள்ள தலைசிறந்த பேய்க்கதையே ஒரு பேய் பஞ்சாயத்தில் ஏறி வாதாடிய கதைதான். நடந்ததாகச் சொல்லப்படும் இடமும் தூரம் இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர்.

நீலி கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும், நீலிக் கண்ணீர் என்று பேச்சில் மட்டும் விட்டுவிட்டோம். கணவனே கொன்ற ஒரு பெண், பழி தீர்க்க நீலிப் பேயாக வருகிறாள். மறுபிறவியில் அவன் வணிகன். அவன் கையில் ஒரு மந்திரக் கத்தி. அது இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. அவள் என்ன செய்கிறாள்? பாய்ந்து பயமுறுத்தவில்லை. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் சபைக்குப் போய், "இவர் என் புருஷன், என்னை ஏற்க மறுக்கிறார்" என்று அழுகிறாள். வணிகன் "இவள் பேய்" என்று கதறுகிறான். குழந்தை அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. சபை யாரை நம்பும்? "அந்தக் கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். உனக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது உயிரும் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, பெரியவர்களே கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள்! ஒரே அறையில் இருவரையும் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று முடிகிறது.

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். அவள் பேய் என்று நமக்கு முதலிலேயே தெரியும், சபைக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் பதைப்பு என்று ஹிட்ச்காக் விளக்குவார். நம் பாட்டிகள் அதைக் கத்தியை வைத்து எப்போதோ சொல்லிவிட்டார்கள். அடுத்தது விதி. கத்தி இருந்தால் அவன் பிழைப்பான், போனால் சாவான். கதை கடைசிவரை அந்த ஒரே விதியை மீறவில்லை. நம் படங்களில் ஒரு காட்சியில் பேய் விபூதிக்குப் பயப்படும், அடுத்த காட்சியில் கோயிலுக்குள்ளேயே புகுந்து அடிக்கும். எது முடியும் எது முடியாது என்று தெரியாத பேயிடம் நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

நடந்த அநியாயத்தைச் சொல்வதில் தப்பே இல்லை. அதைச் சொன்ன பிறகும் கத்தி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

---

இரண்டாம் ஆட்டம்

கலவைக்காரர் சொன்னதும் கூத்து ஞாபகம் வந்தது. பாரதக் கூத்தில் துகில் உரியும் ராத்திரி. துச்சாதன வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். கதை எல்லோருக்கும் மனப்பாடம், வேடம் கட்டியவரும் பக்கத்து ஊர்க்காரர். இருந்தும் கூட்டத்தில் பெண்களுக்குச் சாமி வந்துவிடும். தெரிந்த கதைக்கு நடுக்கம் வராது என்று எவன் சொன்னது?

---

வெயில் ஊர்க்காரி (தொரப்பாடி)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எனக்கு வெள்ளைச் சேலையும் கோரமான முகமும் ஒன்றும் செய்வதில்லை. தெரிந்த முகம் மாறினால்தான் பயம். சந்திரமுகியில் (2005) பேயே இல்லை. மூலமான மலையாள மணிச்சித்ரத்தாழிலும் (1993) இல்லை, அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நேற்றுவரை காபி கொண்டுவந்து கொடுத்த மனைவி, அதே அறையில், வேறு குரலில் பேசுகிறாள். வெளியிலிருந்து வந்த பேய் என்றால் வீட்டைப் பூட்டலாம், இவளை எங்கே பூட்டுவது?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. சிவராத்திரி முடிந்த அமாவாசைக்கு மயானக் கொள்ளை. எனக்கு ஏழு வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பாலாற்றங்கரைக்குப் போகும் ஊர்வலத்தைப் பார்க்கிறேன். முகமெல்லாம் நீலம், தொங்கும் நாக்கு, கையில் சூலத்தோடு காளி ஒருத்தி ஆடிக்கொண்டு வருகிறாள். முதலில் எனக்குப் பயமில்லை, வேடம்தானே. பக்கத்தில் வந்தபோதுதான் கண்ணைப் பார்த்தேன். எங்கள் தெரு இஸ்திரிக்கார அண்ணன். தினமும் என்னை "இன்னா பாப்பா, ஸ்கூலுக்குப் போலியா?" என்று கேட்பவர். என்னை நேராகப் பார்த்தார். அடையாளமே தெரியவில்லை அவருக்கு. அப்போதுதான் அலறினேன். ஒரு வாரம் அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. அவர் என்னவோ மறுநாளே பழையபடி சிரித்தார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

---

பாலாற்று மணல்

கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும்.

அக்கா சொன்ன அதே காரணத்துக்காகத்தான் யாவரும் நலம் (2009) எனக்குப் பிடிக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. புது வீடு, பெரிய குடும்பம், மதியம் டிவி சீரியல். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளதுதான். சாமி படம் மாட்ட ஆணி இறங்காது, பால் திரியும், கதாநாயகன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்கள். பேய் என்று ஒன்று எதிரே வந்து நிற்பதற்கு முன்பே பாதி உயிர் போய்விடும்.

நேற்று ராத்திரி சித்தி மகளோடு உட்கார்ந்து அதைத் திரும்பப் பார்த்தேன். ஒலிக்கலவை அண்ணன் சொன்னது மனதில் இருந்ததால், சில இடங்களில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பயம் குறையவில்லை. நாங்கள் அன்றைக்குத் தியேட்டரில் பார்த்த புதுப்படத்தின் டிரெய்லரையும் அதேபோல் சத்தமில்லாமல் ஓட்டினோம். ஏதோ பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது, எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு.

மணி பன்னிரண்டே முக்கால். அவளைக் கீழே வரை கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிந்துகொண்டு, யாரும் அழுத்தாமலே எங்கள் தளத்தில் நின்றிருந்தது. மேல் வீட்டுக்காரர் யாராவது அனுப்பியிருப்பார்.

இருவரும் ஒன்றும் பேசாமல் படியில் இறங்கினோம்.

---

நைட் டூட்டி

இறங்கினீர்கள் சரி. அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப ஏறும்போது எதில் ஏறினீர்கள்?

---

பாலாற்று மணல்

அன்றைக்குச் சித்தி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன் அக்கா.